எப்போது விழித்தது

அப்பத்தாவுக்கு அக்கி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. வலது விலாவில் தொடங்கி முதுகுப் பக்கம் வரை ஒரு பட்டையாகக் கொப்புளம். நடு முதுகை அது தாண்டவே இல்லை. இடது பக்கத் தோல் எப்போதும்போல் சுருங்கி, சுத்தமாக இருந்தது. வேளார் வீட்டுப் பெரியவர் வந்து, காவியைக் கொட்டாங்கச்சியில் குழைத்து, கொப்புளங்களைச் சுற்றி எழுதினார். பெரியப்பா, "எல்லாம் சூடு" என்றார். சித்திரை வெயில். யாரும் மறுக்கவில்லை.

ஏழு வயதில் அம்மை போட்டு வேப்பிலைப் படுக்கையில் கிடந்த கதையை அப்பத்தா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அம்மன் இறங்கிவிட்டாள் என்று மாவிளக்கு வைப்பதோடு அந்தக் கதை முடியும். அது முடியவில்லை, அறுபது வருடம் அவளுக்குள்ளேயே படுத்திருந்து இப்போது விலா வழியாக வந்திருக்கிறது என்று சொல்ல அன்று அந்தத் திண்ணையில் ஆள் இல்லை.

சின்னம்மைக் கொப்புளங்கள் காய்ந்த பிறகும் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தின் ஓரமாக இருக்கும் நரம்பு முடிச்சுகளில் போய்த் தங்கிவிடுகிறது. வயதோ வேறொரு நோயோ காவலைத் தளர்த்தும்போது, ஏதாவது ஒரு முடிச்சிலிருந்து அதற்குரிய நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வருகிறது. அதனால்தான் ஒரு பட்டை, ஒரு பக்கம். இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் ஊரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தன் நோயாளிகளைப் பல வருடங்கள் குறிப்பெடுத்துப் பார்த்து, 1965இல் இந்தக் கருத்தை எழுதினார். பெரிய ஆய்வகம் எதுவும் அவரிடம் இல்லை. யாருக்கு எப்போது அம்மை, யாருக்கு எப்போது அக்கி என்று எழுதி வைத்த பொறுமைதான் இருந்தது.

*

நான் வேலை செய்வது மதுரையில் ஒரு ஆய்வகத்தில். காலையில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களின் ரத்தத்தில் சைட்டோமெகலோ வைரஸைத் தேடுவோம். இதுவும் ஹெர்பிஸ் குடும்பம்தான். அம்மைக்கும் அக்கிக்கும் காரணமான வைரஸுக்குப் பங்காளி. மனிதரைப் பிடிக்கும் ஹெர்பிஸ் வைரஸ்கள் ஒன்பது. ஒன்பதுக்கும் ஒரே குணம்: வந்தால் போவதில்லை. ஒன்று நரம்பில் உறங்கும், ஒன்று ரத்த வெள்ளை அணுவில் உறங்கும். சைட்டோமெகலோ உறங்குவது எலும்பு மஜ்ஜையில், அணுக்கள் பிறக்கும் இடத்தில்.

மதியம் வேறு மேசை. சிறு வயதிலேயே சிறுநீரகம் கெட்டவர்களின் மரபணு அறிக்கைகளைச் சரிபார்ப்பேன். காலையில் பார்ப்பது வெளியே இருந்து வந்தது, மதியம் பார்ப்பது பிறப்பிலேயே வந்தது என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். பத்து வருடத்தில் அந்தக் கோடு என் கண்ணெதிரே அழிந்துகொண்டே வந்திருக்கிறது.

*

அந்த அம்மாவை முதலில் பார்த்தது மதியத்து மேசையில். பையனுக்கு நாலு வயதிலிருந்து காலையில் முகம் வீங்கும். சிறுநீரில் நுரை. ஸ்டீராய்டு கேட்கவில்லை. பதினெட்டு வயதில் டயாலிசிஸுக்கு வந்துவிட்டான். அறிக்கையில் என்பிஎச்எஸ்2 மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் பிழை என்று இருந்தது.

சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் போடோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. ரத்தக்குழாய்மேல் அமர்ந்து, விரல்களைக் கோத்துக்கொண்டதுபோல் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். அந்தப் பின்னலின் இடுக்கு வழியாகத்தான் ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீர் வடிகிறது. அதில் ஒன்றரை லிட்டர் போக மீதியை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. இடுக்கைப் பிடித்து நிறுத்தும் புரதங்களில் ஒன்று போடோசின். அதற்கான மரபணுவைப் பாரிஸில் ஒரு குழு 2000இல் கண்டுபிடித்தது. அது சரியில்லை என்றால் புரதம் ஒழுகும். ஒழுக ஒழுக வடிகட்டி தழும்பாகும். இந்தச் செல்கள் செத்தால் அந்த இடத்தில் புதிதாகப் பிரிந்து வளர்வது ஏறக்குறைய இல்லை. பிறந்தபோது என்ன இருந்ததோ அதுதான் முதல்.

"எங்க வம்சத்துலயே யாருக்கும் கிட்னி வியாதி கிடையாதேம்மா. எங்கேருந்து வந்துச்சு?" என்றார்.

இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. பதிலைச் சொன்னேன். உங்களிடம் ஒரு பிரதியில் பிழை, அவன் அப்பாவிடம் ஒரு பிரதியில் பிழை. ஒன்று இருந்தால் ஒன்றும் ஆகாது. மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து அவனிடம் போயிருக்கிறது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சொந்தத்துல கட்டுனதாலயா?" என்றார். கணவர் அவருடைய அத்தை மகன். எல்லா டாக்டர்களும் முதலில் கேட்கிற கேள்வி அது. பதினான்கு வருடமாகக் கேட்டுக் கேட்டு அவரே அதைத் தனக்குக் கேட்டுக்கொள்ளப் பழகிவிட்டார். வாய்ப்புக் கூடும் என்பது உண்மை. அதைக் குற்றம்போல் கேட்பது என்னால் தாங்க முடியாத ஒன்று. சொந்தத்தில் கட்டி நல்லபடியாக இருக்கும் பிள்ளைகளைப் பற்றி யாரும் எந்த அம்மாவிடமும் விசாரிப்பதில்லை.

ஒரு நல்ல செய்தியும் இருந்தது. இந்த வகையில் பழுது சிறுநீரகத்திலேயே இருக்கிறது, ரத்தத்தில் இல்லை. மாற்றிப் பொருத்தினால் நோய் திரும்புவது அரிது. அம்மாவே கொடுத்தார்.

*

சில அறிக்கைகளில் எழுத்து மாறியிருக்கும், என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. "பொருள் தெளிவற்ற மாற்றம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். கையெழுத்துப் போடும் கை அப்போது கொஞ்சம் நிற்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்? வருடம் ஒருமுறை பழைய அறிக்கைகளை எடுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சில மாற்றங்களுக்கு அதற்குள் அர்த்தம் கிடைத்திருக்கும்.

*

1881. ஜெர்மனியில் ஹூகோ ரிபெர்ட் என்ற நோயியலாளர் செத்துப் பிறந்த ஒரு குழந்தையின் சிறுநீரகத்தைச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கிறார். சில செல்கள் அளவுக்கு மீறிப் பெருத்திருக்கின்றன; நடுவில் கருத்த உருண்டை, சுற்றி வெளிறிய வளையம். ஆந்தைக் கண் என்று இன்று நாங்கள் சொல்வது. அவருக்கு அது என்னவென்று புரியவில்லை. வைரஸ் என்ற எண்ணமே அப்போது இல்லை. வேறு இருவர் இதேபோன்ற செல்களைப் பற்றி எழுதியதைப் பார்த்த பிறகு, 1904இல்தான் தான் கண்டதை அச்சிட்டார். 1956-57இல் அமெரிக்காவின் மூன்று ஆய்வகங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வைரஸைப் பிரித்தெடுத்தன. செல் பெருப்பதால் சைட்டோமெகலோ.

சைட்டோமெகலோ வைரஸின் தடத்தை மனிதக் கண் முதன்முதலில் கண்டது ஒரு சிறுநீரகத்தில் என்பதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்தக் கண்ணாடிச் சில்லு இருபத்து மூன்று வருடம் யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

*

இந்த மரபணுவைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் இந்த நோட்டையே திறந்தேன்: ஏபிஓஎல்1.

அமெரிக்காவில் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ரத்த அழுத்தம், வறுமை, சாப்பாடு என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2008இல் இரண்டு குழுக்கள் இருபத்திரண்டாம் குரோமோசோமில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டின. எம்ஒய்எச்9 என்ற மரபணுதான் காரணம் என்று முடிவானது. எத்தனை தேடியும் அதற்குள் கெடுதல் செய்யும் மாற்றம் மட்டும் கிடைக்கவில்லை. 2010இல் பாஸ்டனில் மார்ட்டின் போலக், டேவிட் ஃப்ரீட்மன் ஆகியோரின் குழுவும் ஹைஃபாவில் கார்ல் ஸ்கோரெக்கியின் குழுவும் பக்கத்து வீட்டைத் தட்டின. குற்றம் ஏபிஓஎல்1இல் இருந்தது. இரண்டு வருடம் பழியைச் சுமந்தது பக்கத்து வீட்டுக்காரர்.

அந்த மரபணுவின் பழைய வேலை வேறு. ஆப்பிரிக்காவில் செட்சி ஈ கடித்துப் பரவும் தூக்க நோயின் ஒட்டுண்ணியை நம் ரத்தத்தில் கொல்வது ஏபிஓஎல்1 புரதம். ஒட்டுண்ணிக்குள் நுழைந்து துளை போட்டு ஊதி வெடிக்க வைக்கிறது. பிரஸ்ஸல்ஸில் எதியென் பேயின் குழு இதை 2003இல் காட்டியது. ஒட்டுண்ணியின் ஓர் இனம் அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடக் கற்றுக்கொண்டது. பதிலுக்கு மனிதரிடம் புதிய வடிவங்கள் தோன்றின, கட்டில் சிக்காத வடிவங்கள். விக்டோரியா ஏரிக்கரையில் 1900க்கும் 1920க்கும் இடையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரைக் கொண்டுபோன நோய் இது. அப்படிப்பட்ட நோய்க்கு எதிராக மரபணுவில் எழுத்து மாறி உயிர் பிழைத்தவர்கள் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

மாறிய பிரதி ஒன்று இருந்தால் காவல். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அமெரிக்காவில் ஆப்பிரிக்க வம்சாவளியினரில் நூற்றில் 13 பேரிடம் இரண்டும் இருக்கின்றன. அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் செட்சி ஈயை விட்டு வந்தார்கள், மரபணுவை விட்டு வர முடியவில்லை.

இன்னொரு ஆய்வு, 2017இல் வந்தது, என்னை நெடுநேரம் உட்கார வைத்தது. இதில் ஒரு வடிவம் உள்ளவர்களிடம் தூக்க நோயின் மேற்கு ஆப்பிரிக்க ஒட்டுண்ணி இருந்தும் நோய் காணவில்லை. கிருமி உள்ளே இருக்கிறது, ஆள் வயலுக்குப் போய்வருகிறார். ஹெர்பிஸின் உறக்கமும் இதுவும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மகாராஷ்டிரத்தில் ஒரு விவசாயி இருந்தார். மாட்டையும் குதிரையையும் ஒட்டகத்தையும் பிடிக்கும், மனிதரை அண்டாத சர்ரா ஒட்டுண்ணி 2004இல் அவர் ரத்தத்தில் காணப்பட்டது. எப்படி என்று தேடினால், அவரிடம் ஏபிஓஎல்1 புரதமே இல்லை. இரண்டு பிரதிகளும் வேலை செய்யவில்லை. சுராமின் மருந்து கொடுத்துக் குணமானார். அவருடைய சிறுநீரகங்களுக்கு ஒன்றும் இல்லை. அப்படியானால் சிறுநீரகம் கெடுவது இந்தப் புரதம் இல்லாததால் வருவதில்லை. மாறிய வடிவம் செய்யும் காரியத்தால் வருகிறது. ஒரு மாட்டு நோய் ஒருவரைப் பிடித்ததால், கடலுக்கு அப்பால் ஆயிரக்கணக்கானோரின் நோயைப் பற்றி ஒரு வாசல் திறந்தது. அந்தப் புரதத்தின் வேலையைத் தடுத்தாலும் சிறுநீரகம் தாங்கும் என்ற தைரியம் அதிலிருந்து வருகிறது. 2023இல் வெளியான ஒரு சிறிய சோதனையில், இனாக்சாப்ளின் என்ற மாத்திரை 13 வாரங்களில் சிறுநீரில் ஒழுகும் புரதத்தைச் சராசரியாக 47.6 சதவீதம் குறைத்தது.

*

ஆனால் மாறிய பிரதிகள் இரண்டும் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. இதுதான் என்னை விடாத விஷயம். மரபணு ஐம்பது வருடம் சும்மா இருக்கிறது. பிறகு ஒரு நாள் எழுந்துகொள்கிறது. எழுப்புவது யார்?

பல நேரம் ஒரு வைரஸ். சிகிச்சை எடுக்காத எச்ஐவி தொற்றோடு இரண்டு பிரதிகளும் இருந்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிறுநீரகம் கெடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கோவிட் வந்தபோதும் இவர்களில் சிலருக்கு வடிகட்டிகள் மடிந்து சரிந்தன. சைட்டோமெகலோ, எப்ஸ்டைன்-பார் ஆகிய ஹெர்பிஸ் தொற்றுகளோடும் அதே சரிவு அபூர்வமாகப் பதிவாகியிருக்கிறது. வைரஸ் சிறுநீரகத்துக்குள் வர வேண்டும் என்றுகூட இல்லை. தொற்றைக் கண்டதும் உடம்பு இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. அது ஊருக்குத் தண்டோரா போடுவதுபோல். தண்டோரா கேட்டதும் ஏபிஓஎல்1 தன் உற்பத்தியைப் பல மடங்கு கூட்டுகிறது. பழைய ஒட்டுண்ணிப் போரின் பழக்கம். போடோசைட் தாங்காமல் போகிறது. வேறு நோய்க்காக இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கும் இதேபோல் சிறுநீரகம் சரிந்தது. சோதித்துப் பார்த்தபோது அவர்களிடம் இரண்டு பிரதிகளும் இருந்தன. அங்கே வைரஸ்கூடப் புதிதாக வரவில்லை, தண்டோரா மட்டும் ஒலித்தது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு "எங்கேருந்து வந்துச்சு" என்ற கேள்வி எனக்குள் மாறிவிட்டது. இப்போது நான் மனதுக்குள் கேட்டுக்கொள்வது, எப்போது விழித்தது, அன்று என்ன நடந்தது என்பதைத்தான்.

*

போன வருடம் ஒரு மாதிரியில் ஹெர்பிஸ் ஆறாம் எண் வைரஸ் பயங்கரமாக இருந்தது. ஒரு மில்லி ரத்தத்தில் 50 லட்சத்தை ஒட்டி. அவ்வளவு இருந்தால் ஆள் தீவிரச் சிகிச்சையில் கிடக்க வேண்டும். இவர் வார்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இயந்திரம் தவறு என்று மறுபடி போட்டோம். அதே எண். அப்போதுதான் வெள்ளை அணு எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்; அதுவும் அதே 50 லட்சம். ஓர் அணுவுக்கு ஒரு வைரஸ், கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஒரு முடியை வேரோடு வாங்கிச் சோதித்தோம். அதிலும் இருந்தது.

இந்த வைரஸ் குரோமோசோமின் நுனியில் போய் ஒட்டிக்கொள்ளும் திறம் படைத்தது. அங்கே திரும்பத் திரும்ப வரும் ஆறெழுத்துச் சொல் அதன் முனையிலும் எழுதியிருக்கிறது. எப்போதோ ஒரு மூதாதையின் கருவணுவில் ஒட்டிக்கொண்டால், பிறகு அது கண் நிறம்போல் பிள்ளைக்கு வரும். நூறு பேரில் ஒருவர் இப்படிப் பிறக்கிறார் என்கிறார்கள். அவருடைய ஒவ்வொரு செல்லிலும் ஒரு வைரஸ் முழுதாக எழுதப்பட்டிருக்கிறது. காலை மேசைக்கும் மதிய மேசைக்கும் நடுவே நான் வைத்திருந்த கோடு அன்றைக்கு முழுதாக அழிந்தது.

டாக்டரைக் கூப்பிட்டு மருந்து வேண்டாம் என்று சொன்னோம். மஜ்ஜையை நசுக்கும் மருந்து அது. சற்று முன்னால்தான் எழுதிக் கொடுத்திருந்தார்.

*

அந்த அம்மா மறுபடி வந்தது காலை மேசைக்கு. மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஐந்து மாதம். வால்கேன்சைக்ளோவிர் மாத்திரையை மூன்று மாதத்தில் நிறுத்தியிருந்தார்கள். காய்ச்சல், வெள்ளை அணு குறைவு, வயிற்றுப்போக்கு. பிசிஆர் திரையில் அவனுடைய கோடு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் எழுந்தது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார், "நான் குடுத்த கிட்னியிலேருந்துதான் வந்துச்சாம்மா?"

இருக்கலாம். கொடுப்பவரின் உறுப்போடு உறங்கும் வைரஸும் சேர்ந்துதான் போகிறது. ஹெர்பிஸ் எட்டாம் எண் வைரஸால் வரும் கபோசி கட்டியில், சில நோயாளிகளிடம் கட்டியின் செல்களே கொடுத்தவருடையவை என்று 2003இல் இத்தாலியில் கண்டார்கள். இவர்கள் விஷயத்தில் சொல்ல முடியாது. அறுவைக்கு முன்பே இருவருக்கும் பழைய தொற்றின் அடையாளம் இருந்தது. நம் நாட்டில் பெரியவர்களில் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். பையனுக்குக் குழந்தையிலேயே வந்திருக்க வேண்டும், பெரும்பாலும் தாய்ப்பால் வழியாக. எந்தப் பக்கம் திரும்பினாலும் அது அவரிடமே போய் நின்றது. பால் அல்லது சிறுநீரகம். இந்த வாக்கியம் என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"அவன்கிட்டயே சின்னதுலேருந்து இருந்ததுதான்மா. எல்லாருக்கும் இருக்கு. எனக்கும் இருக்கு. புதுக் கிட்னிய உடம்பு தள்ளிவிடாம இருக்கறதுக்கு எதிர்ப்புச் சக்திய அமுக்குற மாத்திரை போடுறோம்ல, அந்த நேரம் பாத்து எந்திரிச்சிருச்சு" என்றேன். பொய் இல்லை. எனக்கும் இருப்பதாகச் சொன்னபோது அவர் முகத்தில் ஏதோ இளகியது.

*

மருந்து விழித்திருப்பதைத்தான் தொடும். வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும்போது அதன் சொந்த நொதியே மருந்தை முடுக்கிவிட, பிரதி நின்றுபோகிறது. பிரதியெடுக்காமல் கிடப்பதை அது அறியவே அறியாது. ஆகவே சிறுநீரக மருத்துவரின் வேலை துரத்துவது இல்லை, திரும்பத் தூங்க வைப்பது. ஒரு மாத்திரையைக் குறைப்பார், இன்னொன்றைக் கூட்டுவார். அதிகம் குறைத்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளும், குறைக்காவிட்டால் வைரஸ் ஏறும். இத்தாலியின் பாரி நகரில் கபோசி கட்டி வந்த 15 பேருக்கு ஒரு மருந்தை நிறுத்தி சிரோலிமஸுக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் தோலில் இருந்த கட்டிகள் எல்லோருக்கும் மறைந்தன, சிறுநீரகமும் நிலைத்தது. 2005இல் அந்தக் கட்டுரை வந்தது. கட்டிகளை வெட்டி அகற்றித் தீர்க்கவில்லை. அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும்.

அப்பத்தாவைச் சுற்றிக் காவியால் எழுதிய பெரியவரும் எதையும் வெட்டவில்லை. கொப்புளத்தைத் தொடாமல், வெளி ஓரமாகவே எழுதினார். அவர் கை நடுங்காதது நினைவில் இருக்கிறது.

*

இன்று வியாழன். ஆறு வாரச் சிகிச்சைக்குப் பிறகு பையனின் மாதிரி. நாற்பத்தைந்து சுற்று ஓடி முடிந்தும் அவனுடைய கோடு தரையோடு கிடந்தது. அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று அடித்தேன்.

அந்த அம்மா தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"போயிருச்சாம்மா?"

"தூங்குதும்மா."

தலையை ஆட்டினார். தாளை நாலாக மடித்து மஞ்சப்பையில் மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்றிருந்த பையனை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அடுத்து எப்ப ரத்தம் குடுக்கணும்?"

"ரெண்டு வாரம் கழிச்சு. காலையில வெறும் வயித்துல வரவேணாம், சாப்பிட்டே வாங்க."